அம்சத் பீவி வீட்டு வேண்டாம்

அம்சத் பீவி வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் மறுவேளைச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும் என்று கம்பம் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

போதும் என்றால் ஒரு கரண்டி விழும். ஐயோ போதும் என்றால் இன்னொரு கரண்டி விழும். தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டு மூன்றாம் முறையாக வேண்டாம் என்று சொன்னால்தான் கரண்டியைக் கீழே வைப்பார். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுதான் வயிற்றுக்கு என்பது அவர் கணக்கு. அவர் மாமியார் வீட்டில் அப்படித்தான், அவர் தாய் வீட்டிலும் அப்படித்தான். கம்பத்தில் பல வீடுகளில் அப்படித்தான் என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

அந்தக் கணக்கு தெரியாத வெள்ளைக்காரர்கள் இன்று மதியம் அவருடைய பிரியாணியைச் சாப்பிட வருகிறார்கள். மருமகள் ரஃபியாவுக்குக் காலையிலிருந்தே உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் ஜேசுராஜ் என்று ஒருவர் வந்து போனார். மதுரையிலிருந்து தேக்கடிக்கு வெளிநாட்டுப் பயணிகளை வேனில் அழைத்துப் போகும் வழிகாட்டி அவர். குமுளிச் சாலையில் இருக்கும் பாருக் ஹோட்டலில் ஒருநாள் தற்செயலாகச் சாப்பிட்டவர், கையைக் கழுவிவிட்டு நேராகக் கடையை நடத்தும் ரஃபியாவின் கணவன் ஹக்கீமிடம் போனார். சனிக்கிழமை ஒரு கூட்டத்தை அழைத்து வருகிறேன், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வாரா வாரம் இங்கேதான் மதியச் சாப்பாடு என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கேட்காமல் எதையும் தட்டில் வைக்கக் கூடாது. வேறொரு ஊரில் அப்படி வைத்து வைத்து ஒரு கூட்டமே கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டதாம்.

அதைக் கேட்டபோது அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த அம்சத் பீவி, இவன் என்ன மனுசன் என்பது போல ரஃபியாவைப் பார்த்தார்.

பாருக் ஹோட்டல் ஹக்கீமின் அத்தா உமர் பாருக் தொடங்கியது. அவர் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு பல வருடம் பூட்டிக் கிடந்தது. மஸ்கட்டில் ஒரு பெரிய ரெஸ்டாரண்டில் பரிமாறுகிறவனாக இருந்த ஹக்கீம், அந்த ரெஸ்டாரண்ட் மூடப்பட்டதும் ஊர் திரும்பி, இந்தக் கதவைத் திறந்தான். உள்ளூர்க் கூட்டம் வந்தது. ஆனால் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்க அது போதவில்லை. போதாவிட்டால் ஹக்கீம் மறுபடியும் கடல் தாண்ட வேண்டும். சனிக்கிழமைக் கூட்டம் வாராவாரம் வந்தால் தாண்ட வேண்டாம். ரஃபியாவின் வியர்வைக்குக் காரணம் இவ்வளவுதான்.

கடை ஓயும் பிற்பகல்களில் ஹக்கீம் அவளுக்குப் பாடம் எடுத்தான். மூலை மேசையில் அவன் விருந்தாளியாக உட்காருவான். ஒருநாள் சிடுசிடுப்பான அரபியாக, ஒருநாள் எதையும் இரண்டு முறை கேட்கும் இங்கிலாந்துக் கிழவராக. அவள் மெனு கார்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

வெல்கம். டேபிள் ஃபார் ஹவ் மெனி? ஆர் யூ ரெடி டு ஆர்டர்? ஸ்பைஸியா, மைல்டா? எனிதிங் எல்ஸ்? ரஃபியா உத்தமபாளையத்தில் பிளஸ் டூ படித்தவள். வார்த்தைகள் தெரியும். அவற்றை ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் புதிது. வெங்காயம் உரிக்கும்போது சொல்லிப் பார்ப்பாள். மகள் யாஸ்மினுக்குத் தலை பின்னும்போது ஆர் யூ ரெடி டு ஆர்டர் என்று கேட்பாள். அந்தக் குழந்தை சலிக்காமல் ஐஸ்கிரீம் என்று பதில் சொல்லும்.

அம்சத் பீவிக்கு இந்தப் பாடத்திட்டத்தில் எதுவுமே பிடிக்கவில்லை.

"வந்தவுககிட்ட என்ன வேணும்னு கேக்குறதா? கேட்டா ஒண்ணும் வேணாம்பாக. வச்சுட்டுல்லடா கேக்கணும்" என்றார்.

ஸ்டார்ட்டர் என்றால் என்னவென்று ஹக்கீம் விளக்கினான். முதலில் சூப்பு, கொஞ்சம் வறுத்த கறி. அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு மெயின் கோர்ஸ். கடைசியில் டெஸர்ட். சூப்பைக் கொடுத்து மனிதர்களைக் காக்க வைப்பதற்கு ஒரு பெயர் வேறு வைத்திருக்கிறார்களா என்று அம்சத் பீவி கேட்டார். எல்லாவற்றையும் ஒரே சஹன் தட்டில் கொண்டு வந்து நடுவில் வைத்துச் சுற்றி உட்கார வேண்டியதுதானே என்றார்.

பாடத்திலேயே முக்கியமான பகுதி என்று ஹக்கீம் சொன்னது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, ஸ்பூனும் ஃபோர்க்கும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால் அவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போதும் தட்டைத் தொடும் முன் கேட்க வேண்டும். மே ஐ க்ளியர் த டேபிள்? அவர்கள் பதில் சொல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்று, நோ தேங்க் யூ.

மஸ்கட்டுக்குப் போன புதிதில் ஹக்கீம் ஒரு ஜெர்மன்காரரின் தட்டில், அவர் வேண்டாம் என்ற பிறகும் அம்மா பழக்கத்தில் ஒரு கரண்டி சோற்றை வைத்துவிட்டானாம். மேனேஜர் அன்று மாலை வரை திட்டினாராம்.

"அங்கன முதல் வேண்டாமே கடைசி வேண்டாம், ரஃபியா. நோ தேங்க் யூன்னு சொல்லிட்டா சிரிச்சுக்கிட்டு ஓரடி பின்னால வந்துறணும்."

மற்ற பாடங்களுக்கெல்லாம் நாலைந்து நாள் எடுத்துக்கொண்ட ரஃபியா, இந்தப் பாடத்தை மட்டும் கேட்டவுடனே பிடித்துக்கொண்டாள். முதல் முறை சொல்வதையே காது கொடுத்துக் கேட்கிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணமான சில மாதத்தில் ஹக்கீமுக்கு மஸ்கட் விசா வந்தபோது, பெரியவர்கள் கூடி உட்கார்ந்து உனக்குச் சம்மதம்தானே என்று அவளைக் கேட்டார்கள். வேண்டாம் என்றாள். புதுப்பெண் அப்படித்தான் சொல்லும் என்று எல்லோரும் சிரித்தார்கள். யாஸ்மின் தவழ்ந்துகொண்டிருந்தபோது லீவில் வந்தவன் திரும்பிப் போக வேண்டிய நாள் வந்தது. அப்போதும் வேண்டாம் என்றாள். அப்போது சிரிக்கவில்லை, பெட்டி கட்டினார்கள். அதன் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். யாஸ்மின் அவனைப் போன் அத்தா என்று கூப்பிடப் பழகியதும் அதன் பிறகுதான்.

சனிக்கிழமை விடிந்தது. வெள்ளைக்காரர்களுக்கு முன்பாக வேறொருவர் வந்துவிட்டார்.

ராஜா முகம்மது, அம்சத் பீவியின் தம்பி, ஹக்கீமின் தாய்மாமன். மஸ்கட் வேலையை அவனுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் உதவியை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உதவி வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். இந்த முறை அவர் கொண்டு வந்திருந்தது பழைய வேலை அல்ல. மஸ்கட்டில் புதிதாகத் திறக்கும் பெரிய ஹோட்டலில் கேப்டன் உத்தியோகம். தட்டுத் தூக்க வேண்டாம். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தட்டுத் தூக்குகிறவர்களுக்கு உத்தரவு போட வேண்டும்.

மதுரையில் இன்றைக்கே மெடிக்கல் என்றார். ஏஜெண்டு குறித்த நாள், மாற்ற முடியாது. காலையில் போனால் ஒரு மணிக்குள் திரும்பிவிடலாம், வெள்ளைக்காரன் அதற்கு மேல்தான் வருவான்.

ஹக்கீம் ரஃபியாவைப் பார்த்தான். போகாமல் இருக்கட்டுமா என்று கேட்கிற பார்வையா, போய்விட்டு வருகிறேன் என்கிற பார்வையா, அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். கேப்டன் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முதுகு தானாக நிமிர்ந்ததை அவள் கவனித்திருந்தாள்.

"ஒரு மணிக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு மாமாவின் காரில் ஏறினான்.

ஒரு மணி நெருங்கும்போது கல்லாவில் இருந்த போன் அடித்தது. ராஜா முகம்மதுதான் பேசினார். மெடிக்கலில் ஏகக் கூட்டம், ஹக்கீமுக்கு எக்ஸ்ரே இன்னும் எடுக்கவில்லை, வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். ரஃபியா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுக்களையில் தம் போட்ட அண்டாவின் மேல் கங்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அம்சத் பீவி அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

ஹோட்டலில் உமர் பாருக் காலத்திலிருந்து பரிமாறுகிறவர் பிச்சைமணி. என்ன இருக்கிறது என்று கேட்டால் மூச்சு விடாமல் முழுப் பட்டியலையும் ஒப்பிப்பதில் அவருக்குக் கம்பத்தில் நல்ல பெயர்.

"எனக்கு வாட்டரும் பில்லும் தெரியும் ஆத்தா. நடுவுல உள்ளது ஒண்ணும் தெரியாதே" என்றார் அவர், பரிதாபமாக.

ஹக்கீமிடம் பாடம் கற்றுக்கொண்டதெல்லாம் சரி. ஆனால் ரஃபியா நிற்க வேண்டிய இடம் கல்லாவுக்கு உள்ளே, அவனுக்குக் கை போதாவிட்டால் எடுத்துக்கொடுக்க என்பதுதான் வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு. இந்தக் குடும்பத்துப் பெண் மேசை மேசையாகப் போய் நின்றதில்லை. வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ரஃபியா மாமியாரைப் பார்த்தாள். பிச்சைமணியும் பார்த்தார்.

அம்சத் பீவி கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மருமகளின் முக்காட்டை இழுத்துச் சரி செய்தார். காதோரம் வெளியே தெரிந்த முடியை உள்ளே தள்ளினார்.

"தலைய மூடிக்கிட்டுப் போ. குரல மூடாத."

ரஃபியா பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு திரையை விலக்கினாள்.

வெயிலில் சிவந்த முகங்களாக ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருமே வயதானவர்கள். ஜேசுராஜ் ஹக்கீமைத் தேடிவிட்டு, இவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். ரஃபியா வெங்காயத்திடம் சரளமாகப் பேசிய இங்கிலீஷ் எங்கே போனது என்று தெரியவில்லை. மூலை மேசையைப் பார்த்தாள். காலி நாற்காலியில் ஹக்கீம் இங்கிலாந்துக் கிழவராக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"வெல்கம்" என்றாள்.

அந்த ஒரு சொல் வெளியே வந்ததும் மற்றவை வரிசையில் நின்றிருந்ததைப் போலப் பின்னாலேயே வந்தன. உட்கார வைத்தாள். பாட்டில் தண்ணீரை அவர்கள் கண் முன்னாலேயே திறந்து ஊற்றினாள். மெனு கார்டைக் கொடுத்துவிட்டு, படிக்க நேரம் கொடுத்து, சற்று விலகி நின்று, பிறகு போய் ஆர் யூ ரெடி டு ஆர்டர் என்று கேட்டாள். ஒருவர் காரம் நிறைய வேண்டும் என்று வீரம் பேசினார். அவருக்கு மட்டும் தயிர்ப் பச்சடியைச் சொல்லாமலே பக்கத்தில் கொண்டு வந்து வைக்கலாமா என்று தோன்றியது. நிபந்தனை ஞாபகம் வந்து, கேட்டுவிட்டே வைத்தாள். பாதித் தட்டில் அவர் கண் கலங்கி அந்தப் பச்சடிக்காக அவளுக்கு நன்றி சொன்னார்.

தால்சா என்றால் என்ன என்று ஒரு பெண்மணி கேட்டார். மெனு கார்டில் அதற்கு விளக்கம் இல்லை. பருப்பும் எலும்பும் புளியும் கத்தரிக்காயும் சேர்ந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் வார்த்தை தீர்ந்துவிட்டது. அது பிரியாணிக்குத் தம்பி, அண்ணன் எங்கே போனாலும் கூடவே போவான் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். மேசை முழுவதும் தம்பியைக் கேட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து அம்சத் பீவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறாள் என்பது புரியவில்லை. ஆனால் அவள் பேசப் பேச அந்த முகங்கள் மலர்வது புரிந்தது. சூப்புக் கோப்பைகள் காலியாகித் திரும்பி வந்தன. வறுத்த கறி போய் வெறும் தட்டு வந்தது. பிரியாணி போனது. நாற்பது வருடமாகக் கறியும் சோறும் கிளறிய கை அது. நம் வீட்டுப் பிள்ளை எப்படி நிற்கிறாள் பார் என்று பிச்சைமணியிடம் சொல்ல நினைத்தார்.

அப்போதுதான் அவர் கண்ணில் அந்தத் தட்டு பட்டது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளை முடிக்காரப் பெண்மணி. பெயர் மார்கரெட் என்று பிறகு தெரிந்தது. தட்டில் பாதி பிரியாணி அப்படியே இருந்தது. ஸ்பூனும் ஃபோர்க்கும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. எனிதிங் எல்ஸ் என்று ரஃபியா கேட்டதற்கு, அவர் சிரித்தபடி நோ தேங்க் யூ என்றார். ரஃபியாவும் சிரித்தபடி ஓரடி பின்னால் வந்து அடுத்த ஆளிடம் போனாள்.

அம்சத் பீவி கரண்டியைக் கையில் எடுத்தார். பசியோடு ஒரு கிழவி தன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மரியாதைக்கு ஒரு வேண்டாம் சொன்னாள், இந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். ஜேசுராஜும் அவருடைய நிபந்தனையும் மகனின் மஸ்கட்டும் அந்த நொடியில் அவருக்கு ஞாபகம் இல்லை. கையிலிருந்த கரண்டியோடு திரையை விலக்கி நேராகப் போனார். நல்ல கறித்துண்டாகப் பார்த்து எடுத்த பிரியாணியை மார்கரெட்டின் தட்டில் தட்டிவிட்டு, "நல்லாச் சாப்பிடுங்க" என்று முதுகில் லேசாகத் தடவிக் கொடுத்தார்.

மார்கரெட் பதறி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஃபோர்க் தரையில் விழுந்தது. வாசல் பக்கம் நின்றிருந்த ஜேசுராஜ் முகத்தில் ஈயாடவில்லை.

அம்சத் பீவி சுற்றிலும் பார்த்தார். தான் செய்தது தப்பு என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. கரண்டியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தார்.

ரஃபியாவுக்குக் கோபம் வந்திருக்கலாம். இத்தனை நாள் படித்த படிப்பு ஒரு கரண்டியில் போய்விட்டதே என்று அழுகையும் வந்திருக்கலாம். ஆனால் அவள் பார்த்தது மாமி மறைக்க முயன்ற அந்தக் கரண்டியைத்தான். இந்த வயதில் தன் மாமி ஒரு கூட்டத்தின் முன்னால் தலைகுனிந்து நிற்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. மாமியாரின் பக்கத்தில் போய் நின்று, அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

ஐ ஆம் சாரி மேடம் என்று தொடங்கினாள். ஹக்கீம் சொல்லிக்கொடுத்தது அத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவளே பேசினாள். இவர்கள் என் மாமியார். நீங்கள் சாப்பிட்ட அத்தனையும் சமைத்தவர்கள் இவர்கள்தான். இந்த வீட்டு செஃப். எங்கள் வீட்டில் முதல் வேண்டாமை நாங்கள் நம்புவதில்லை. விருந்தாளி வெட்கப்பட்டுச் சொல்கிறார் என்று நினைப்போம். மூன்று முறை சொன்னால்தான் வயிறு நிறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வோம். நீங்கள் ஒரு முறைதான் சொன்னீர்கள்.

இலக்கணம் அங்கங்கே இடித்தது. ஆனால் மேசையில் இருந்த ஒருவருக்கும் அது தடையாக இல்லை.

மார்கரெட் அவளையும் அம்சத் பீவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். ரஃபியா ஆமாம் என்றாள். கைகளை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். ரஃபியா காட்டினாள். அந்த அம்மாள் தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அம்சத் பீவியின் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"நோ, தேங்க் யூ. நோ, தேங்க் யூ."

அம்சத் பீவிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தக் கைகளைத் தெரியும். கரண்டியைக் கீழே வைத்தார்.

மேசை சிரிப்பில் குலுங்கியது. காரம் கேட்ட வீரர் எழுந்து நின்று கை தட்டினார். அடுத்து சேமியா பாயசம் வந்தபோது ஒவ்வொருவரும் வேண்டுமென்றே ஒரு முறை மட்டும் நோ சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்கள். அம்சத் பீவியே தன் கையால் ஊற்றினார். மார்கரெட் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். ரஃபியா அதைத் தமிழில் சொன்னாள்.

"இம்புட்டு ஆசையா எனக்குச் சோறு போட்டு ரொம்ப வருசமாச்சுங்குறாக, மாமி."

ஜேசுராஜ் கடைசியாக வந்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வாரா வாரம் இங்கேதான் என்றார். இந்த மூன்று வேண்டாம் கதையை வேனில் வரும்போதே தானே சொல்லி அழைத்து வருவதாகவும் சொன்னார். ஒரு நிபந்தனை என்று தொடங்கியபோது ரஃபியாவுக்குப் பக்கென்றது.

"வரவேற்குறது நீங்களா இருக்கணும்மா. வேற யாரும் வேண்டாம்."

வேன் குமுளி மலையைப் பார்த்து நகர்ந்தது. அம்சத் பீவி மருமகளை இழுத்து நெற்றியில் முத்தம் வைத்தார். என் பிள்ளை ஒன்பது வருடம் கடல் தாண்டிப் படித்ததை இவள் இந்த மூலை மேசையில் படித்துவிட்டாள் என்று பிச்சைமணியிடம் சொன்னார். பிச்சைமணி அதை உடனே எதிரில் இருக்கும் டீக்கடையில் சொல்லப் போனார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குள் கடைத்தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

ராஜா முகம்மதின் கார் வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

பிச்சைமணி வாசலிலேயே மறித்து நடந்ததையெல்லாம் ஹக்கீமிடம் ஒப்பித்தார். ஹக்கீம் உள்ளே வந்து ரஃபியாவின் முன் நின்றான். அவன் கண்கள் ஈரமாக இருந்தன. மஸ்கட்டில் பெரிய விருந்தாளிகளுக்குக் குனிவது போல நெஞ்சில் கை வைத்து அவளுக்குக் குனிந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு நிமிடம் போதும், இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்கும் ஆசைதான்.

ஆனால் ராஜா முகம்மது மூலை மேசையில் உட்கார்ந்து, ஹக்கீமின் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்து வைத்தார். மெடிக்கல் பாஸ், விசா தயார், வரும் வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றார்.

"வேண்டாம் மாமா. கடை இப்பத்தான..." என்று ஹக்கீம் இழுத்தான்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்ப்பா சொல்லுவாக" என்று ராஜா முகம்மது அவன் தோளில் தட்டினார். கேப்டன் உத்தியோகம் வீடு தேடி வராது, கடையைத்தான் இவர்கள் பார்த்துக்கொள்கிறார்களே, இரண்டே வருடம் என்றார். ஹக்கீம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கை தானாகப் போய்ப் பாஸ்போர்ட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. தான் சொன்னது எத்தனையாவது வேண்டாம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ரஃபியா பாயசக் கிண்ணத்தை ராஜா முகம்மதின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"நோ, தேங்க் யூ, மாமா" என்றாள்.

அவர் புரியாமல் கிண்ணத்தைப் பார்த்தார்.

"பாயசத்தச் சொல்லல. இந்தப் பயணத்தச் சொல்றேன். கல்யாணமான புதுசுல ஒரு தடவ சொன்னேன், எல்லாரும் சிரிச்சீக. யாஸ்மின் தவழுறப்ப ஒரு தடவ சொன்னேன், பெட்டி கட்டுனீக. இது மூணாவது."

குரல் நடுங்கவில்லை. மதியம் பத்துப் பேர் முன்னால் பேசிய குரல் அது, இனிமேல் அதற்கு நடுங்கத் தெரியாது. ராஜா முகம்மது அக்காவைப் பார்த்தார். பெண் பிள்ளை ஏதோ பேசுகிறாள், நீ சொல் என்கிற பார்வை. அம்சத் பீவி அடுக்களைப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்தார். கையில் பாயசக் கரண்டி இருந்தது.

"அவ சொன்ன ரெண்டும் எனக்கு ஞாபகம் இருக்குடா தம்பி. ரெண்டு தடவையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்." என்றார். "மூணாவது வேண்டாம் சொன்னா இந்த வீட்டுல யாரும் வைக்கிறதில்ல. எம் மருமகளுக்கும் அதேதான்."

கரண்டியை மேசை மேல் வைத்தார்.

ராஜா முகம்மது அந்தக் கரண்டியைப் பார்த்தார். அதே கணக்கு உள்ள தாய் வீட்டில் அக்காவோடு பிறந்து வளர்ந்தவர், அதற்கு மேல் என்ன பேச முடியும்? பாயசத்தைக் குடித்தார். எழுந்தார். புதன்கிழமை காலை வரை பொறுக்கும்படி ஏஜெண்டிடம் சொல்லி வைக்கிறேன், உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அம்சத் பீவியும் தொழுகைக்கு நேரமாகிறது என்று உள்ளே போய்விட்டார்.

மூலை மேசையில் ஹக்கீம் மட்டும் இருந்தான். இத்தனை நாள் விருந்தாளியாக உட்கார்ந்து அவளுக்குப் பாடம் எடுத்த அதே நாற்காலி.

ரஃபியா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். மேசையில் காலிக் கிண்ணமும் கரண்டியும் டிக்கெட்டும் இருந்தன. பாஸ்போர்ட் அவன் கைக்குக் கீழே இருந்தது.

"மே ஐ க்ளியர் த டேபிள், சார்?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகு பதில் வரும் வரை தட்டைத் தொடக் கூடாது. அது அவன் சொல்லிக்கொடுத்த பாடம். ரஃபியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஹக்கீம் அவளை நிமிர்ந்து பார்த்தான். பாஸ்போர்ட்டின் மேல் இருந்த கையை அவன் இன்னும் எடுக்கவில்லை.